மச்சான் அவர்களே

ஜூன் 9, திங்கள்

நேற்று நான் கள்ளத்தனமாகப் புரோட்டா தின்றேன். எழுதத்தான் வேண்டும். "என்ன தின்றாலும் ஒளிக்காமல் நோட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று சர்க்கரைக்கு மருந்து கொடுக்கும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒத்துவரவில்லை. என் கையெழுத்தைப் படித்தால் அந்த அம்மாவுக்கே சர்க்கரை கூடும்.

புரோட்டா தின்றதில் வெட்கம் இல்லை. 'ஆவுடையப்பன் மெஸ், வீட்டுச் சாப்பாடு' என்று போர்டு மாட்டி ஊருக்கே சோறு போடுகிறவன், கடை லீவு நாளில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் சால்னாவில் கை நனைத்ததில்தான் கொஞ்சம் வெட்கம். அதைவிடப் பெரிய கூத்து, பக்கத்து மேசையிலும் ஒரு ஆள் தலையில் துண்டோடு தின்றுகொண்டிருந்தது. துண்டு விலகியபோது பார்த்தால் என் மச்சான் சொரிமுத்து. என் வீட்டுக்காரி முப்பிடாதியின் அண்ணன். என் மெஸ்ஸுக்குக் காய்கறி விளைய வைக்கிற சம்சாரி.

"என்னவே மாப்ளே, உம்ம கடைச் சோறு உமக்கே எறங்கலியோ?"

"உம்ம கத்திரிக்கா உமக்கே எறங்காமத்தான இங்க வந்து உக்காந்திருக்கேரு?"

முப்பிடாதியிடம் சொல்வதில்லை என்று இருவரும் சால்னா மேல் சத்தியம் செய்தோம்.

சாப்பிட்டது: புரோட்டா. எத்தனை என்று டாக்டரம்மா எழுதச் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

என் ரத்தக் கொதிப்புக்கு யார் காரணம் என்பதையும் டாக்டரம்மா தெரிந்துகொள்வது நல்லது.

தினமும் விடியும்போது வாசலில் ஒரு மொபெட் இருமும். பின்னால் சாக்கு. சாக்குக்குள் வெண்டை, புடலை, கீரை, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைக் கத்திரிக்காய். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் மச்சான் தோட்டம். பறித்ததில் முதல் சாக்கு எனக்கு, மீதிதான் சந்தைக்கு. சந்தையில் விலைபோகாததை முதலில் என் தலையில் கட்டிவிடுகிறார் என்பது என் கணக்கு. பொறுக்கி எடுத்து நல்லதாக நமக்குத் தருகிறார் என்பது முப்பிடாதியின் கணக்கு. கூடப்பிறந்த பாசம், கண் தெரியாது.

இன்று ஒரு காயை எடுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்தேன்.

"இது கத்திரிக்காயாவே, கோலிக்குண்டா?"

"உம்ம சாம்பாருல போட்டா ரெண்டும் ஒண்ணுதான். முங்கித்தான் எடுக்கணும்."

"பூச்சி தொளச்சிருக்கு பாரும்."

"அது ருசி தெரிஞ்ச பூச்சிவே. ஒரு கடி கடிச்சிச்சு. நீரு சமைக்கப் போறேருன்னு கேள்விப்பட்டு எறங்கி ஓடிட்டு."

பிறகு டீ. அவர் ஒரு தம்ளர், நான் ஒரு தம்ளர். கல்யாணத்தன்று பந்தியில் என் இலைக்கு முன்னால் நின்று, "எந்தங்கச்சிக்கு இந்த மூஞ்சிதான் வாச்சுதா?" என்று ஆரம்பித்த மனுசன், இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. நானும் விட்டுக்கொடுத்ததில்லை. மச்சான் மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான்.

சாப்பிட்டது: சோறு, கத்திரிக்காய்க் கொத்சு. மறுபடியும் கொத்சு.

ஜூன் 13, வெள்ளி

மதியம் கோமதிநாயகம் சார் சாப்பிட வந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். 'மண்வாசனை நண்பர்கள் வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்துத் தலைவராகிவிட்டார். மண் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். வெயில் மழை படாமல் இருக்கட்டும் என்று வீட்டைச் சுற்றி ஒரு சாண் விடாமல் சிமெண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்.

"ஆவுடையப்பன், உழவர்களுக்கு நன்றி சொல்ற விழா எடுக்கோம். நம்ம தட்டுல விழுற சோறு எங்கேருந்து வருதுன்னு ஜனங்களுக்குத் தெரியணும்."

"அடுப்படியில இருந்துதான் சார் வருது."

சார் சிரிக்கவில்லை. அழைப்பிதழை நீட்டினார். அதில் ஒருவர் ஏர் பிடித்து உழுகிறார். வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மாடுகள் இரண்டும் குளித்துப் பவுடர் போட்டு நின்றன. 'எங்க மச்சான் டிராக்டர்காரன் பின்னால அலையுத கோலத்தையும் ஒரு படம் போடலாமே சார்' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சாம்பார் கேட்டுவிட்டார்.

இந்த சார்தான் சந்தையில் கீரைக்கார அம்மாவிடம் ஒரு கட்டுக்கு மல்லுக்கட்டி, போகிறபோக்கில் கறிவேப்பிலையையும் சும்மா கிள்ளிக்கொண்டு போகிறவர். நன்றியை மட்டும் பேரம் பேசாமல் அள்ளித் தருகிறார்.

ஒவ்வொரு ஓட்டல்காரரும் தனக்குக் காய் தருகிறவரை மேடையேற்றிச் சால்வை போட்டு நன்றி சொல்ல வேண்டுமாம். பேச வேண்டியதை டைப் அடித்தே கையில் கொடுத்துவிட்டார். எனக்கு மேடை, எனக்கு மைக். மார்பு இரண்டு அங்குலம் கூடிவிட்டது. முப்பிடாதியிடம் ஓடினேன்.

"யாருக்கு? எங்கண்ணனுக்கா? மைக்குல நன்றி சொல்லப் போறியளா?"

"ஏன், சொல்லக்கூடாதா?"

"சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. பொறவு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

பொறாமை. இத்தனை வருசம் சமைக்கிறாள், அவளை யாரும் மேடையேற்றவில்லை.

சாப்பிட்டது: சோறு, புடலங்காய்க் கூட்டு. சந்தோசத்தில் ஒரு துண்டு அல்வா. ஒரு துண்டுதான்.

ஜூன் 18, புதன்

பேச்சைக் குளியலறையில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். வாளி கைதட்டவில்லை.

மச்சானிடம் விசயத்தைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாரும், சோறு போடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "நீரு சமைக்கலன்னா வாரேன்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

விழா நடந்தேறியது.

உழவர்களைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். நாலு ஊர்ச் சம்சாரிகள் தண்ணீர் பாய்ச்சுவதை விட்டுவிட்டு, தேய்த்த சட்டை போட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் உச்சிவெயிலில் வந்தார். வந்தவர் உழவர்களின் பொறுமையைப் பாராட்டினார். அது நியாயம்தான். அதற்குள் அவர்கள் பொறுமை எவ்வளவு என்று மண்டபத்துக்கே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் பலர் பேசினார்கள். உழவன் தெய்வம் என்றார் ஒருவர். தாய் என்றார் அடுத்தவர். அடுத்தவருக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய், தெய்வத்தாய் என்றார். "நம்ம மண்ணுல வெளஞ்சதத்தான் சாப்பிடணும்" என்று கோமதிநாயகம் சார் மேசையைத் தட்டினார். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனோம். பனீர், காளான், கோபி மஞ்சூரியன். எங்கள் ஊர் மண்ணில் விளைந்தது அந்தப் பந்தியில் வாழை இலை ஒன்றுதான். அதையும் சாப்பிட முடியவில்லை.

பந்திக்கு முன்னால் என் முறை வந்தது. மச்சானை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்ற என்னைப் பார்த்து, என்னவே இது என்று புருவத்தைத் தூக்கிக்கொண்டே ஏறினார். நான் தாளைப் பிரித்தேன்.

"எங்களை வாழவைக்கும் உழவர் பெருமகன், மரியாதைக்குரிய மச்சான் அவர்களே! தாங்கள் இத்தனை ஆண்டுகளாக ஆற்றிவரும் சேவைக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

தாளில் 'திரு. சொரிமுத்து அவர்களே' என்றுதான் இருந்தது. 'மச்சான்' நானாகச் சேர்த்தது. கைதட்டினார்கள். சால்வையைப் போர்த்தினேன். மச்சான் முகத்தைப் பார்த்தேன். யாரோ அவர் மொபெட்டைத் திருடிக்கொண்டு போகும்போது பார்த்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி இருந்தது. கையைக் கூப்பி, "ரொம்ப சந்தோசங்க" என்றார்.

ங்க.

சாப்பாட்டுக்கு அவர் நிற்கவில்லை. சாருக்கு என்மேல் ரொம்பப் பிரியம். 'உழவருக்கு நன்றி' என்று எழுதிய ஒரு கனத்த மரப்பலகையை மெஸ்ஸில் மாட்டச் சொல்லிக் கொடுத்தார்.

சாப்பிட்டது: பனீர். ரப்பரை நெய்யில் வதக்கிய பதம்.

ஜூன் 23, திங்கள்

மொபெட் வரவில்லை. பஞ்சராக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

பஞ்சர் இல்லை. மொபெட் நேராகச் சந்தைக்குப் போகிறதாம். முப்பிடாதி போனில் பேசிவிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணன் ஒரு சொல்லுத்தான் சொல்லிச்சு. 'நன்றி சொல்லி முடிச்சிட்டாவள்லா, பொறவு என்ன'ன்னு கேக்கு."

"முடிச்சிட்டேனா? நான் எங்க முடிச்சேன்?"

"பஸ்ஸுல எடம் விட்டவனுக்கு நன்றி சொல்லலாம், எறங்கிப் போயிருவோம். வீட்டாளுக்கு எவனாவது நன்றி சொல்லுவானா? நான் ஒங்களுக்கு இத்தன வருசமா சோறு பொங்குதேன், என்னைக்காவது சொல்லியிருக்கியளா?"

"இல்ல."

"சொல்லிப் பாருங்க, அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. சந்தையில் எந்த ஊரிலிருந்தோ லாரியில் வந்த காய் கிடைக்கிறது. கத்திரிக்காய் என்ன மினுமினுப்பு! அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஒரு பூச்சி தொட்டதில்லை. பூச்சிக்கும் உயிர்மேல் ஆசை இருக்குமே.

காலையில் கை தவறி டீ ஒரு தம்ளர் கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

சாப்பிட்டது: சோறு, மோர்.

ஜூன் 26, வியாழன்

தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் இலையை மூடும்போது கேட்டார்: "அண்ணாச்சி, மெஸ்ஸு கைமாறிட்டோ?"

"ஏன் சார்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவர் நாளைக்கு வருவாரா என்று தெரியவில்லை. நேற்று வந்த இன்னொருவர் இன்று வரவில்லை.

இன்றும் டீ கூடிவிட்டது. வீணாக்கக் கூடாது என்று இரண்டையும் நானே குடித்தேன்.

சாப்பிட்டது: டீ இரண்டு. பசி இல்லை. இது சர்க்கரைக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, சனி

மச்சான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். தட்டில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி வைத்து, வெள்ளை வேட்டி கட்டிப் போனேன். வழியெல்லாம் சாரல்.

வாசலில் என்னைப் பார்த்த மச்சான் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் அவர் சட்டை போட்டு நான் பார்த்தது அந்த மண்டபத்தில்தான்.

"வாங்க மாப்பிள. உக்காருங்க."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மச்சானின் வீட்டுக்காரி, என் மதினி, பித்தளைத் தம்ளரை விட்டுவிட்டு, கப்பும் சாசருமாகக் காப்பி கொண்டுவந்தாள். நான் சாசரைப் பிடித்துக்கொண்டேன். அவர் முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகம் சரியில்லை என்று தெரிந்த பிறகு உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"மழ எப்படிங்க மச்சான்?"

"பரவால்லைங்க."

"நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நல்ல வார்த்ததான சொன்னிய."

அவ்வளவுதான். கதவில் இன்னும் ஒரு தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

பின்பக்கம் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். செடியிலேயே காய் பழுத்து மஞ்சளாகிக் கிடந்தது. பறிக்கவில்லையா என்று கேட்டேன்.

"பறிப்போங்க, மெதுவா. சந்தையில அவசரமில்ல. தராசுல போடுதான், மூட்டையத் தூக்கிட்டுப் போறான். நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டான், நாசமாப் போச்சுன்னும் சொல்ல மாட்டான்." தோட்டத்தைக் கைகாட்டினார். "இந்தக் கத்திரியோட போதும்னு இருக்குங்க. பிடுங்கிட்டுத் தேக்கு வைக்கலாம். தேக்குன்னா எவனும் வாயில வச்சுப் பாக்க வேண்டியதில்ல."

தேக்கு நல்ல மரம்தான். கதவு செய்யலாம். நான் மெஸ்ஸில் கதவா பரிமாற முடியும்?

சாப்பிட்டது: காப்பி. ஆப்பிளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று சந்தையில் ஒரு கடையில் நின்றேன். குவியலில் ஒரு மூலையில் வெள்ளைக் கத்திரிக்காய். காம்பை நீளமாக விட்டு வெட்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் அப்படி வெட்டுகிற ஆள் ஒருத்தர்தான். எங்கே விளைந்தது என்று கேட்டேன். கடைக்காரன், "காய்தானண்ணே, எங்க வெளஞ்சா என்ன?" என்றான். வாங்கினேன். மச்சான் காயை மூன்றாம் மனுசன் கையால் வாங்குவது நன்றாகவா இருக்கும்?

வந்து நானே பொரியல் வைத்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டேன். முற்றல். உள்ளே முழுக்க விதை, தொண்டை வரைக்கும் கசப்பு.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், சரியாக நினைவில்லை. சட்டியோடு சைக்கிளில் ஏறியிருக்கிறேன். தோட்டத்தில் மச்சான் வரப்பில் நின்றார். பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் தேக்கங்கன்றுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன.

"வேய்!" என்றேன். அத்தனை தலையும் நிமிர்ந்தது. "இது என்னவே? காயா, செருப்பா? வாயில வைக்க முடியுதா?"

"மெதுவாப் பேசுங்க மாப்பிள. ஆளுக இருக்காவ."

"இருக்கட்டும்! ஆளுகளும் கேக்கட்டும்! எங்கடைக்கு இத்தன வருசத்துல ஒரு நா, ஒரே ஒரு நா, இப்பிடி ஒரு முத்தக் காயக் கொண்டாந்திருக்கேராவே? பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, பிஞ்சாப் பாத்துல்லா கொண்டாருவேரு! இப்ப ஊரான் தட்டுல விழப்போவுதுன்னதும் என்ன எழவ வேணும்னாலும் பறிச்சுப் போடுவேரோ? வெக்கமா இல்ல உமக்கு?"

மூச்சு வாங்கியது. சாரல் நின்றிருந்தது. மச்சான் சட்டியை வாங்கினார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். மென்றார். தூரத்து மலையைப் பார்த்தார். பிறகு திரும்பி, தோட்டத்துக்கே கேட்கும்படி:

"காயி முத்தல்தாம்வே. ஒத்துக்கிடுதேன். ஆனா இந்த உப்ப எவம் போட்டது? கையால போட்டேரா, மம்பட்டியால போட்டேரா? எந்தங்கச்சி ஒம்மகிட்ட எப்பிடித்தாம்வே காலந்தள்ளுதா!"

களை எடுத்த பெண்கள் சிரித்தார்கள். என் உப்பைப் பற்றி, என் மூஞ்சியைப் பற்றி, என் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நாக்கு இல்லாததைப் பற்றி அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒரு 'ங்க' இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து கேட்டேன். கேட்கக் கேட்கப் பசியெடுத்தது.

சாப்பிட்டது: மதினி போட்ட கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. மூன்று தடவை. டாக்டரம்மா மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் சரி.

ஜூலை 3, வியாழன்

விடியும்போது மொபெட் இருமியது. டீ சரியான அளவில் இருந்தது.

சாக்கில்லாததால் கத்திரிக்காயை அந்தச் சால்வையில் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார். "சரிகை போட்ட துணி, நல்லாக் கனம் தாங்குதுவே. இன்னும் ரெண்டு நன்றி சொல்லும், வெண்டைக்காய்க்கும் ஆவும்" என்றார்.

தேக்கங்கன்று என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. கோமதிநாயகம் சார் மண்ணின் மேலுள்ள பிரியத்தில் வாங்கிக்கொண்டாராம். எங்கே வைப்பார் என்று தெரியவில்லை. சிமெண்டை உடைக்க வேண்டும்.

தாலுகா ஆபீஸ் கிளார்க் இரண்டாம் தடவை பொரியல் கேட்டார். தீர்ந்துபோச்சு என்றேன். எனக்கு எடுத்து வைத்திருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

சார் போட்டோக்காரரோடு வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். 'உழவருக்கு நன்றி' பலகையின் கீழே நானும் மச்சானும் நிற்க வேண்டுமாம். பலகையை இன்னும் மாட்டவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. பரிமாறும் இடத்துக்கு மேலே சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.

"அந்தக் கயிறு தாங்காதுவே," என்றார் மச்சான்.

"கத்திரிக்கா விக்கவனுக்குக் கயித்தப் பத்தி என்னவே தெரியும்?"

சார் வந்தார். எங்களை நெருங்கி நிற்கச் சொன்னார். நன்றியோடு ஒருவரையொருவர் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். மச்சான் என் காதருகே, "மூஞ்சியத் திருப்பும்வே, சாப்பிட வந்தவன் ஓடிருவான்" என்றார். போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்றார்.

பலகை எங்களுக்கு முன்னால் இருந்த சாம்பார் அண்டாவில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. சார் சட்டைக்கு மட்டும் கொஞ்சம்.

சாப்பிட்டது: சோறு, ரசம், கத்திரிக்காய்ப் பொரியல். இன்று சாம்பார் இல்லை.